விளக்குமாறு ஏந்திய மகான்

மும்பை தாதர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு தர்மசாலை இருக்கிறது. பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காக வரும் வெளியூர் ஏழைகள் அங்கே தங்குகிறார்கள். எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் போதும். அந்தத் தர்மசாலையின் பெயரில் இருப்பவர் காட்கே மகராஜ். சாத் ரஸ்தா என்று எல்லோரும் சொல்லும் ஜேக்கப் சர்க்கிளுக்கும் இப்போது அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மராட்டியர் வீடுகளில் அவர் படத்தைப் பார்த்திருக்கலாம். நரைத்த தாடி, ஒட்டுப் போட்ட கந்தல் சட்டை, ஒரு மண்சட்டி, கையில் ஒரு விளக்குமாறு. சாமியார் படம் என்றால் கமண்டலமும் ருத்திராட்சமும் இருக்கும் என்று நினைத்துப் பழகிய நமக்கு அந்த விளக்குமாறு கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும்.

அவருக்குப் படிப்பு கிடையாது. கடைசி வரை எழுத்து வாசிக்கத் தெரியாதவராகவே இருந்தார். சொந்தமாக வீடு, நிலம், மடம், சிஷ்யர் எதுவும் இல்லை. ஆனால் பண்டரிபுரத்திலும் நாசிக்கிலும் ஆளந்தியிலும் தேஹுவிலும் பம்பாயிலும் அவர் சொல்லி எழும்பிய கட்டடங்கள் நிற்கின்றன. மராட்டிய மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மனிதன் நல்லவனாவது மதத்தாலா, அல்லது மதம் இல்லாமலேயே ஆக முடியுமா என்று டீக்கடையிலும் லோக்கல் ரயிலிலும் நாம் வாதாடுவதுண்டு. ஒரு கட்சிக்காரர் கோயில் இருப்பதால்தான் உலகம் நிலைக்கிறது என்பார். இன்னொருவர் எல்லாக் கெடுதலுக்கும் சாமிதான் காரணம் என்பார். காட்கே மகராஜின் எண்பது வருட வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டு பேரும் கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கும். ஏனென்றால் அவர் குடும்பத்தைக் கெடுத்ததும் சாமியின் பெயர்தான். அவரை மனிதனாக்கியதும் அதே சாமியின் பெயர்தான்.

கிடாவும் சாராயமும்

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, விதர்ப்பப் பகுதியில் அமராவதி மாவட்டத்து ஷேண்ட்காவ் என்ற கிராமத்தில் பிறந்தார். துணி வெளுக்கும் பரீட் வகுப்பைச் சேர்ந்த குடும்பம். தந்தை ஜிங்கராஜி. தாய் சக்குபாய். பிள்ளைக்கு வைத்த பெயர் டேபுஜி.

அந்த நாளில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கண்டோபா முதலிய தெய்வங்களுக்குக் கிடா வெட்டுவதும் சாராயம் படைப்பதும் வழக்கம். படைத்த சாராயம் பூமியில் ஊற்றப்படுவதில்லை, ஆட்களின் வயிற்றுக்குத்தான் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கொடை விழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜிங்கராஜி முதலில் சாமிக்காகக் குடித்தார். பிறகு சாமி இல்லாத நாட்களிலும் குடித்தார். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் தெய்வ குற்றம். இப்படியே உடல் கெட்டு, இருந்த கொஞ்ச நிலமும் போய், டேபுஜிக்கு எட்டு வயதிருக்கும்போது இறந்து போனார்.

சாகும் தறுவாயில் அவருக்குப் புத்தி தெளிந்தது என்று மராட்டிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இந்தத் தெய்வத்தின் பெயரால் நான் கெட்டேன், பிள்ளையை இந்தப் பக்கம் விடாதே என்ற கருத்தில் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். சக்குபாய் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். பையனை அழைத்துக்கொண்டு மூர்த்திஜாபூருக்குப் பக்கத்திலுள்ள தாபுரே என்ற ஊருக்கு, தன் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மூர்த்திஜாபூர் என்றால் ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். பூசாவலுக்கும் நாக்பூருக்கும் நடுவே, நாரோ கேஜ் பாதைகள் பிரிந்த ஜங்ஷன்.

எட்டு வயதுப் பையனுக்குத் தத்துவம் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. கிடாவும் சாராயமும் வந்தால் அப்பா போய்விடுவார். ஒழுக்கம் என்பது அவருக்கு முதலில் வந்த வடிவம் இதுதான். அது பயத்தில் பிறந்த விலக்கு. அதை அவர் பயமாகவே வைத்திருந்தால் குடிக்காத ஒரு நல்ல விவசாயியாக வாழ்ந்து முடித்திருப்பார், நாமும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

மாமா சந்திரபானின் வீட்டில் மாடு மேய்க்கும் வேலை. தொழுவத்தைக் கூட்டிச் சாணி அள்ள வேண்டும். துடைப்பம் அப்போதே கைக்கு வந்துவிட்டது. மேய்ச்சல் காட்டில் மற்றப் பையன்களோடு சேர்ந்து பஜனை பாடக் கற்றுக்கொண்டார். வார்க்கரி மரபு என்று மராட்டியத்தில் ஒன்று உண்டு. பண்டரிபுரம் விட்டலனை வருஷா வருஷம் கால்நடையாகப் போய்த் தரிசிக்கும் பக்தர் கூட்டம். ஞானேசுவர், நாமதேவர், ஏகநாதர், துக்காராம் என்று அதில் வந்த மகான்கள் பலர். தையற்காரர், மண்பாண்டம் செய்பவர், தோட்டக்காரர், மகார் வகுப்பினர் எனப் பல தொழில்காரர்களும் பாடிய பாட்டுகள் அந்த மரபில் இருக்கின்றன. எழுத்தறியாத டேபுஜிக்கு அந்தப் பாட்டுகள்தான் பள்ளிக்கூடம். துக்காராமின் அபங்கங்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. கிடா கேட்கும் சாமி ஒரு பக்கம். ஒன்றும் கேட்காமல் செங்கல்லின் மேல் நின்று காத்திருக்கும் சாமி இன்னொரு பக்கம். பையன் மனது எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

கைநாட்டு

வளர்ந்து நல்ல உழவரானார். ஆள் பலசாலி, கடும் உழைப்பாளி. 1892இல் குந்தாபாய் என்ற பெண்ணை மணந்தார்.

மாமா ஒரு லேவாதேவிக்காரரிடம் கடன் வாங்கியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கொடுத்த பணம் பத்திரத்தில் வரவு வைக்கப்பட்டதா, வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்பதெல்லாம் லேவாதேவிக்காரருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். ஒரு நாள் நல்ல விளைச்சல் நிலம் கையை விட்டுப் போனது. அந்த வேதனையிலேயே மாமாவும் போய்ச் சேர்ந்தார். நிலத்தை உழ லேவாதேவிக்காரரின் ஆட்கள் வந்தபோது டேபுஜி வயலில் நின்று அவர்களை விரட்டியடித்தார் என்றும், கடைசியில் எதிராளி இறங்கி வந்தார் என்றும் சொல்வார்கள்.

பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன் நின்று அவர் ஓயாமல் சொன்ன இரண்டு விஷயங்கள் இந்தத் தாபுரே வயலில் விளைந்தவைதான். கடன் வாங்காதே, பிள்ளையைப் படிக்க வை. சம்பளத் தேதியில் ஆபீஸ் வாசலில் வட்டிக்காரர் காத்திருந்த காலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு முதல் உபதேசத்தின் அருமை புரியும்.

முதல் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டு விழாவுக்குச் சாதி ஜனத்தைக் கூப்பிட்டு ஆட்டுக் கறியும் சாராயமும் போட வேண்டும் என்பது கட்டு. டேபுஜி கறியும் போடவில்லை, சாராயமும் ஊற்றவில்லை. இனிப்புப் பலகாரத்தோடு சைவச் சாப்பாடு போட்டார். சாதிப் பெரியவர்கள் கொதித்தார்கள். இது நம் குல ஆசாரம், தெய்வம் கோபிக்கும் என்றார்கள். அவர் அசையவில்லை. ஊருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சாதி ஜனத்தைப் பகைத்துக்கொண்டு ஒரு கிராமத்தில் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவித்தவர்களைக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு வரமாட்டார்கள், சாவுக்குத் தூக்க வரமாட்டார்கள். சிறு வயதில் தாய் சொன்னதற்காக விலகி நின்ற பையன், இப்போது தகப்பனாகி, தன் சொந்தப் புத்தியால் விலகி நிற்கிறான். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

பூர்ணா நதிக்கரையில் ருணமோசன் என்று ஒரு தீர்த்தம் இருக்கிறது. ருணம் என்றால் கடன். அங்கே குளித்தால் கடன் தீரும் என்பது ஐதீகம். தை மாதத்தை ஒட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிழாக் கூட்டம் கூடும். கரையெல்லாம் சேறு. பெண்களும் கிழவர்களும் வழுக்கி விழுவார்கள். டேபுஜி அங்கே போவார், ஆனால் கடன் தீரக் குளிப்பதற்காக அல்ல. கூட்டம் போட்ட குப்பையை அள்ளுவார், சேற்றில் வழி போட்டுக் கொடுப்பார், மூட்டை சுமப்பார். கூலி கொடுத்தால் வாங்க மாட்டார். பின்னால் அவர் முயற்சியால் கட்டப்பட்ட முதல் படித்துறையும் இந்த ருணமோசனில்தான் எழுந்தது.

வீட்டை விட்டு

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, பொழுது விடியுமுன் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். வயது இருபத்தெட்டு. வீட்டில் வயதான தாய், இளம் மனைவி, குழந்தைகள். குந்தாபாய் அப்போது கர்ப்பிணி.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். புத்தர் போனார், பட்டினத்தார் போனார் என்று சொல்லி நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். புத்தர் விட்டுப் போன மனைவிக்கு அரண்மனை இருந்தது. பட்டினத்தார் குடும்பத்துக்குச் சொத்து இருந்தது. குந்தாபாய்க்கு இருந்தது மாமியாரும் குழந்தைகளும் கூலி வேலையும்தான். ஊரெல்லாம் தன் குடும்பம் என்று சொன்னவருக்குத் தன் குடும்பம் எந்தக் கணக்கில் வந்தது? அவரைப் போற்றி எழுதியவர்கள் பலர் இந்தக் கேள்வியை மெதுவாக ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். ஒதுக்கக் கூடாது. வேலை தேடி மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு ரயிலேறியவர்கள் இதைப் படிக்கும்போது மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள். அவர்களாவது மாதா மாதம் மணியார்டர் அனுப்பினார்கள்.

பன்னிரண்டு வருஷம் போல ஊர் ஊராகத் திரிந்தார். தலையில் ஓர் உடைந்த மண்சட்டி. மராட்டியில் அதற்குக் காட்கே என்று பெயர். சோறு வாங்கவும் அதுதான், தண்ணீர் குடிக்கவும் அதுதான், வெயிலுக்குத் தொப்பியும் அதுதான். உடம்பில் பல நிறத் துணிகளை ஒட்டுப் போட்ட சட்டை. அதைப் பார்த்துச் சிலர் கந்தல் சாமியார் என்றார்கள். பலர் காட்கே பாபா என்றார்கள். அந்தப் பெயர் நிலைத்தது. டேபுஜி மறைந்து போனார்.

ஓர் ஊருக்குள் நுழைந்தால் முதல் வேலை தெருக் கூட்டுவது. சாக்கடையை வாருவார். மாலைக்குள் ஊர் ஜனங்கள் இந்தப் பைத்தியக்காரர் யார் என்று பார்க்கக் கூடுவார்கள். சிலர் வெட்கப்பட்டு அவர்களும் துடைப்பம் எடுப்பார்கள். இரவு கீர்த்தனை. மறுநாள் ஜனங்கள் மாலையோடு தேடி வரும்போது ஆள் இருக்க மாட்டார், அடுத்த ஊரை நோக்கி நடந்திருப்பார். காலில் விழ வந்தவர்களைக் கைத்தடியால் தட்டி விரட்டுவார். அவருக்குக் குருவும் இல்லை, சிஷ்யரும் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவருடைய கீர்த்தனை நாம் சபாக்களில் கேட்கும் ஹரிகதை போன்றதல்ல. சமஸ்கிருத சுலோகமோ ராக ஆலாபனையோ இருக்காது. விதர்ப்பத்துக் கொச்சைப் பேச்சில் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஜனங்கள் பதில் சொல்ல வேண்டும். கடவுளை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்பார். இல்லை என்பார்கள். பசியோடு வந்தவனைப் பார்த்ததுண்டா என்று கேட்பார். உண்டு என்பார்கள். அப்படியானால் எதற்கு முதலில் படைக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். கிடா வெட்டுகிறவனைப் பார்த்து, சாமிக்கு வேண்டுமானால் காட்டில் புலி வெட்டிப் படைக்கலாமே, வாயில்லாத ஆட்டைத் தேடுவது ஏன் என்ற பாணியில் கேலி செய்வார். கூட்டம் சிரிக்கும். சிரித்துக்கொண்டே வெட்கப்படும். நடு நடுவே கோபாலன் பெயரைச் சொல்லி எல்லோரையும் பாட வைப்பார். பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் நகராத ஜனங்கள் அந்தக் கேள்விகளுக்கு நகர்ந்தார்கள். சாராயத்தை விட்டவர்கள் பலர்.

சாப்பிடும் தட்டை விற்றாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, ரொட்டியைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை. யாத்திரைக்குக் கடன் வாங்காதே, கருமாதி விருந்துக்குக் கடன் வாங்காதே என்பார். மாமாவின் கைநாட்டு அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை.

கோயிலுக்கு வெளியே

ஆடி ஏகாதசிக்குப் பண்டரிபுரத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுவார்கள். காட்கே பாபாவும் வருஷந்தோறும் போவார். ஆனால் விட்டலன் சந்நிதிக்குள் நுழைந்து தரிசனம் செய்யும் வழக்கம் அவருக்கு இருக்கவில்லை. சந்திரபாகா நதியின் மணலில் லட்சம் பேர் செய்த அசிங்கத்தை அள்ளிக்கொண்டிருப்பார். இரவில் அதே மணலில் கீர்த்தனை.

அந்தக் கோயிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் சோக்கமேளா என்ற மகார் வகுப்புப் பக்தர் இருந்தார். விட்டலனைப் பாடிப் பாடி உருகியவர். தீண்டத்தகாதவர் என்பதால் உள்ளே விடவில்லை. வாசல் படியருகேதான் அவருக்குச் சமாதி. அவர் பாட்டை உள்ளே பாடினார்கள், அவர் சாதியினரை 1947 வரை உள்ளே விடவில்லை. அந்த ஆண்டு மே மாதம் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகே கதவு திறந்தது.

காட்கே பாபா அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்னாலேயே வேறொரு வேலையைத் தொடங்கிவிட்டார். யாத்திரைக்கு வரும் தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு அங்கே தங்க இடம் கிடையாது. மழைக் காலத்தில் திறந்த வெளியில் கிடப்பார்கள். அவர்களுக்காகச் சோக்கமேளா பெயரிலேயே ஒரு தர்மசாலை கட்ட ஏற்பாடு செய்தார். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது எழுந்தது. பணம் பம்பாய் வியாபாரிகளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வந்தது. பாபா காசைத் தம் கையில் வைத்துக்கொள்வதில்லை. பிறகு நாசிக், ஆளந்தி, தேஹு என்று வரிசையாகத் தர்மசாலைகள். கிழ மாடுகளுக்குக் கொட்டில்கள். குஷ்டரோகிகளுக்கு உதவி. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உறவினர் தங்க ஓர் இடம். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் மரத்தடியிலும் படுத்துக் கிடந்த வெளியூர்க்காரர்களைப் பார்த்து அவர் செய்த ஏற்பாடு அது.

கட்டிய கட்டடங்களுக்கெல்லாம் டிரஸ்டு வைத்தார். தம் வாரிசுகளுக்கோ உறவினர்களுக்கோ எந்த உரிமையும் இல்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஆயிரம் பேர் தங்கக் கட்டியவரின் மனைவி குடிசையிலேயே வாழ்ந்தாள். பொதுப்பணத்தில் கை வைக்காத நேர்மை என்று இதைச் சொல்லலாம், அது உண்மையும்கூட. சொந்தக்காரரின் கையில் போய்ச் சேர்ந்த எத்தனை அறக்கட்டளைகளை நாம் பார்க்கிறோம்! ஆனாலும் அந்த நேர்மைக்கு விலை கொடுத்தது குந்தாபாய். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

1923ஆம் ஆண்டு மே மாதம். இரத்தினகிரிப் பக்கம் கரேபாட்டண் என்ற ஊரில் கீர்த்தனை நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் கோவிந்தன் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. வாலிபப் பிள்ளை. இருந்த ஒரே ஆண் பிள்ளையும் அவன்தான். பாபா ஒரு கணம் நின்றார். கோடிக்கணக்கானோர் இப்படிச் செத்திருக்கிறார்கள், ஒருவனுக்காக அழுவானேன் என்ற கருத்துள்ள சொற்களைச் சொல்லிவிட்டுக் கீர்த்தனையைத் தொடர்ந்தார். கூட்டம் அழுதது.

இதை அவருடைய வைராக்கியத்துக்கு உச்சம் என்பார்கள். இருக்கலாம். துக்காராமின் பாட்டை நாற்பது வருஷம் பாடியவருக்குத் துக்கத்தைத் தாங்க ஒரு கம்பு கிடைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் இருந்த தாய்க்கு அப்படிக் கம்பு இருந்ததா, அவள் முன்னால் ஆயிரம் பேர் கூடி அழுதார்களா என்பதும் கேட்கத்தக்க கேள்விதான். மகன் போன பிறகு அவர் வேலை குறையவில்லை, கூடியது. அவர் சொல்லி எழுந்த பெரிய கட்டடங்களில் பல அதற்குப் பின்னால் வந்தவை. இழந்த ஒரு பிள்ளைக்குப் பதிலாக ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாரோ என்னவோ. ஹாஸ்டல்களுக்கும் பள்ளிகளுக்கும் அவர் உதவி திரும்பியது. கர்மவீர் பாவுராவ் பாட்டீல் நிறுவிய ரயத் கல்விச் சங்கம் 1954இல் கராடில் ஆரம்பித்த கல்லூரிக்கு, கையெழுத்துப் போடத் தெரியாத இவர் பெயரை வைத்தார்கள்.

இரண்டு போர்வைகள்

டாக்டர் அம்பேத்கரும் காட்கே பாபாவும் ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதற்கு வாய்ப்பே இல்லை. ஒருவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர், அரசியல் சட்டத்தை வரைந்தவர். மற்றவர் கைநாட்டு. ஒருவர் இந்து மதத்தில் சாக மாட்டேன் என்று 1935இலேயே அறிவித்தவர். மற்றவர் அதே மதத்தின் வாசலை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தவர்.

1949இல் பாபா பம்பாயில் உடல்நலமின்றி இருந்தார். அப்போது மத்திய சட்ட மந்திரியாக இருந்த அம்பேத்கர் டில்லி ரயிலுக்குப் புறப்படும் வேளையில் சேதி கேட்டு, பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு போர்வைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று சொல்வார்கள். யாரிடமும் எதுவும் வாங்காத கிழவர் அந்தப் போர்வைகளை வாங்கிக்கொண்டாராம். பண்டரிபுரத்துச் சோக்கமேளா தர்மசாலையைப் பாபா அம்பேத்கரின் மக்கள் கல்விச் சங்கத்துக்கே ஒப்படைத்தார். யாத்திரைக்காரர்கள் படுத்த இடத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் உட்கார்ந்து படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். கோயிலைச் சுற்றியே வாழ்ந்த ஒருவர் தம் முதல் பெரிய தர்மசாலையைக் கோயிலை விட்டு விலக முடிவு செய்துவிட்ட ஒருவரிடம் கொடுக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அவர் மனது புதிய திசையில் நடக்கத் தயாராக இருந்தது. வயதானால் மனிதன் பக்தியில் இறுகிப் போவான் என்று நாம் நினைப்பது எப்போதும் சரியல்ல.

1952இல் அவருடைய பணிகளைத் தொடர்ந்து நடத்த காட்கே பாபா மிஷன் ஏற்படுத்தப்பட்டது. சர்க்கரை வியாதி உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஓரிடத்தில் உட்காரவில்லை. 1956 நவம்பர் 8ஆம் தேதி பம்பாய் பாந்த்ராவில் போலீஸ்காரர்கள் மத்தியில் கீர்த்தனை செய்தார். அதுவே கடைசிக் கீர்த்தனை.

அதற்கு முந்திய மாதம், அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியிருந்தார். டிசம்பர் 6ஆம் தேதி டில்லியில் அவர் காலமானார். பம்பாய்க்குக் கொண்டுவந்து தாதர் கடற்கரையில் எரியூட்டினார்கள். செய்தி கேட்ட காட்கே பாபா மகனுக்கு அழாத அழுகையை அவருக்கு அழுதார் என்றும், மருந்து வேண்டாம் என்று மறுத்துவிட்டார் என்றும் உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 20ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். அமராவதிக்கு அருகே வல்காவ் பக்கம் வண்டியில் கொண்டு போகும்போது, பேடி நதிப் பாலத்தருகே வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அமராவதியில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பகுதிக்குக் காட்கே நகர் என்று பெயர். 1983இல் தொடங்கிய அமராவதி பல்கலைக்கழகத்துக்கும் பின்னால் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1998இல் மத்திய அரசு தபால் தலை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மராட்டிய அரசு கிராமத் துப்புரவுப் போட்டித் திட்டம் ஒன்றை அவர் பெயரில் ஆரம்பித்தபோது, மந்திரிகளும் கலெக்டர்களும் கையில் துடைப்பத்தோடு போட்டோவுக்கு நின்றார்கள்.

தாதர் தர்மசாலை அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1984இல் அவர் பெயரால் வந்தது. காலையில் டாட்டா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பைலும் தண்ணீர் பாட்டிலுமாக அங்கிருந்து கிளம்புகிறார்கள்.